விலை கொடுத்தது நாம், சாவி யார் கையில்?

கணினி கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. காசு கொடுத்து வாங்கிய பொருள், உள்ளே ஓடுவது ஓப்பன் சோர்ஸ் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்ற மென்பொருள்), ஆனாலும் தொட விடமாட்டேன் என்கிறது. தண்டையார்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இது தினமும் மேசைக்கு வருகிற வழக்கு. அதனால் இந்தக் கடிதங்களை மட்டும் எடுத்து, கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கடையில் வாங்கிய வைஃபை ரவுட்டர். கூட வந்த சின்னப் புத்தகத்தில் 'இதில் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள மென்பொருள் இருக்கிறது' என்று போட்டிருக்கிறார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள்) ஏற்றிப் பார்த்தால் 'இன்வேலிட் ஃபர்ம்வேர்' என்று தள்ளிவிடுகிறது. ஓப்பன் சோர்ஸ் என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றுதானே சார் அர்த்தம்?
– வாசகர், ராயபுரம்

பதில்: அர்த்தம் அதுதான். ஜிபிஎல் என்பது, நிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடுகிற, மென்பொருளைக் கொடுப்பவர் மூல நிரலையும் தர வேண்டும் என்கிற உரிமம். முதலில், நீங்கள் ஏற்றிய ஃபைல் உங்கள் மாடலுக்கும் அதன் வெர்ஷனுக்கும் உரியதுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வி1, வி2 என்று இருக்கும். ஒரே பெயரில் விற்கும் இரண்டு வெர்ஷன்களுக்குள் வேறு வேறு சிப் இருப்பது சாதாரணம். அது சரியாக இருந்தும் மறுக்கிறது என்றால், பூட்டு போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பூட்டைக் கண்ணால் பார்க்கலாம். இப்படிப்பட்ட ரவுட்டரின் மூடியைக் கழற்றினால் போர்டில் பெரும்பாலும் வரிசையாக நான்கு ஓட்டைகள் இருக்கும். ஒன்று கிரவுண்ட், ஒன்று 3.3 வோல்ட், மற்ற இரண்டும் பேசவும் கேட்கவும். யுஎஸ்பி-டிடிஎல் ஒயரை மாட்டி (3.3 வோல்ட் ஓட்டையை மட்டும் தொடாதீர்கள்), வேகத்தை 115200 என்று வைத்து ரவுட்டரை ஆன் செய்தால் திரையில் வரிகள் ஓட ஆரம்பிக்கும். முதலில் யூ-பூட் என்ற தொடக்க நிரல் வரும். அது லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எடுத்து ஓட்டுவதற்கு முன்னால் ஹாஷ், ஆர்எஸ்ஏ என்று ஒரு சோதனை வரி வரும். அங்கேதான் விஷயம். கம்பெனி தன் ரகசியச் சாவியால் போட்ட டிஜிட்டல் கையெழுத்து அந்த ஃபைலில் இருக்கிறதா என்று பெட்டி பார்க்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அடையாளத்தைச் சில சிப்புகளில் திரும்ப அழிக்கவே முடியாதபடி உள்ளேயே எரித்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரே ஒரு எழுத்தை மாற்றியிருந்தாலும் கையெழுத்து பொருந்தாது, பெட்டி நின்றுவிடும்.

வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, சாவி மட்டும் கட்டிக் கொடுத்தவர் பையில் இருக்கிறது. ஜிபிஎல் உரிமம் உங்களுக்குக் கொடுத்தது பத்திரத்தை.

இந்தத் தந்திரத்துக்குப் பேர்போனது டிவோ என்ற அமெரிக்கப் பெட்டி. 1999-ல் விற்பனைக்கு வந்தது, டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும். உள்ளே லினக்ஸ். ஜிபிஎல் 2 கேட்டபடி அந்த நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நிரலை மாற்றித் திரும்ப ஏற்றினால் பெட்டி ஓட்டாது. எழுத்தளவில் உரிமம் காப்பாற்றப்பட்டது, அதன் நோக்கம் காலியானது. இதற்குப் பதிலாகத்தான் 2007 ஜூன் 29 அன்று வந்த ஜிபிஎல் 3-ல் ஒரு நிபந்தனை சேர்ந்தது: வீட்டு உபயோகப் பொருளில் இந்த உரிமத்து மென்பொருளை வைத்து விற்றால், மாற்றிய மென்பொருளை அதே பொருளில் நிறுவி ஓட்டத் தேவையான தகவலையும், சாவி வேண்டியிருந்தால் சாவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தயாரித்தவராலேயே இனி மாற்ற முடியாதபடி ரோமில் பதித்த மென்பொருளுக்கு இது பொருந்தாது. மாற்றிய பெட்டிக்கு வாரண்டி தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நியாயமான அளவில்தான் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு ஏன் உங்கள் ரவுட்டர் பூட்டியே இருக்கிறது? அதற்குள் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும், கூடவே இருக்கும் பிஸிபாக்ஸ் என்ற சின்னக் கருவித் தொகுப்பும் ஜிபிஎல் 2-லேயே நிற்கின்றன. 3-ன் நிபந்தனை அவற்றைக் கட்டுப்படுத்தாது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் ஏற்றப் பார்த்த ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்ததே ஒரு கம்பெனியின் ரவுட்டர் நிரலிலிருந்துதான். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற மாடலுக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் பயனர்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள். ஜிபிஎல் இருந்ததால் நிறுவனம் நிரலை வெளியிட வேண்டி வந்தது. அதை வைத்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி கிளம்பியது. அந்த ரவுட்டரில் கையெழுத்துப் பூட்டு இருந்திருந்தால், நிரல் கைக்கு வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.

'ரேடியோ சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்வது' என்று கம்பெனிகள் சொல்லும். வைஃபை சிக்னலின் சக்திக்கு வரம்பு உண்டு, அது சரியான சட்டம்தான். ஆனால் அதற்காக முழு ரவுட்டரையும் பூட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2016 ஆகஸ்டில் இதே வரம்பு விவகாரத்தில் டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்தபோது, வெளியார் எழுதும் ஃபர்ம்வேர் தன் ரவுட்டர்களில் ஓடுவதற்கு வழி செய்யவும் ஒப்புக்கொண்டது. வரம்பும் இருக்கலாம், சுதந்திரமும் இருக்கலாம்.

உங்கள் ரவுட்டருக்கு வழி இருக்கிறதா என்பதை ஓப்பன்டபிள்யூஆர்டியின் வன்பொருள் பட்டியலில் தேடிப் பாருங்கள். அடுத்த ரவுட்டர் வாங்கும்போது அந்தப் பட்டியலை முதலில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அப்புறம், இணைய நிறுவனம் இலவசமாகவோ வாடகைக்கோ கொடுத்த பெட்டி என்றால் அது அவர்கள் பொருள். அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் லினக்ஸ் பென் டிரைவ் போட்டால் 'செக்யூர் பூட் வயலேஷன்' என்று சிவப்பில் வருகிறது. வயலேஷன் என்றால் சட்ட விரோதமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.
– கல்லூரி மாணவர், காசிமேடு

பதில்: தம்பி, வீட்டில் தைரியமாகச் சொல்லு. சட்டத்துக்கும் அந்தச் செய்திக்கும் சம்பந்தமே இல்லை. லேப்டாப்பில் பதித்து வைத்திருக்கும் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாத ஒரு கையெழுத்தோடு பென் டிரைவ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, அதன் ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் எல்லா கணினியிலும் செக்யூர் பூட் ஆனில் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. பெரும்பாலான கணினிகளில் இருப்பது மைக்ரோசாஃப்டின் சாவிகள். லினக்ஸ்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஷிம் என்ற சின்ன நிரலை மைக்ரோசாஃப்டிடம் கையெழுத்து வாங்கி வைத்து, அதன் வழியாக மற்றதை ஓட்டுவது. மேத்யூ காரெட் என்ற நிரலாளர் அந்த வேலையில் முன்னால் நின்றவர். இன்றைக்கு உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் அந்த ஷிம்மோடுதான் வருகின்றன. நீ போட்டது கையெழுத்து இல்லாத டிஸ்ட்ரோவாக (லினக்ஸ் வகையாக) இருக்கலாம். அல்லது புதிய சில லேப்டாப்களில் 'மைக்ரோசாஃப்ட் தேர்ட் பார்ட்டி சிஏ' என்ற ஸ்விட்ச் பயோஸில் ஆஃபில் இருக்கும். அதை ஆன் செய்தாலே போதும், செக்யூர் பூட்டை அணைக்கக்கூட வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்னால் ஒன்று. அதில் விண்டோஸ் இருந்து, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரும் ஆனில் இருந்தால், பயோஸ் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போச்சு. செகண்ட் ஹேண்ட் என்பதால் அந்தக் கீ பழைய முதலாளியின் கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் அதை விசாரி.

செக்யூர் பூட்டையே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழும்புவதற்கு முன்னாலேயே நுழைகிற வைரஸை அது தடுக்கும். சாதாரண இன்டெல், ஏஎம்டி கணினிகளில் நம் சொந்தச் சாவியைச் சேர்க்கவும் வழி இருக்கிறது. மோக் என்ற நீல நிறத் திரை வரும், அங்கே சேர்க்கலாம். அந்த வழி இருக்கிற வரை அது என் வீட்டைக் காக்கிற பூட்டு. ஆனால் அதே 2012-ல் ஆர்ம் சிப்போடு வந்த விண்டோஸ் ஆர்டி டேப்லெட்களில் அணைக்கவும் முடியாது, சாவி சேர்க்கவும் முடியாது. ஒரே தொழில்நுட்பம், ஒரே நிறுவனம். ஒன்றில் வாங்கியவர் முதலாளி, இன்னொன்றில் வாங்கியவர் விருந்தாளி.

கேள்வி: மொபைல் சர்வீஸ் செய்கிறேன். ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். ஆனால் பூட்லோடர் (போனை எழுப்பும் முதல் நிரல்) லாக், அன்லாக் செய்தால் பேங்க் ஆப் ஓடாது என்று கஸ்டமர் திரும்ப வருகிறார். இதெல்லாம் செய்வது நம் நாட்டில் தப்பா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஆண்ட்ராய்டில் மேலே இருக்கும் பெரும் பகுதி அப்பாச்சி உரிமத்தில் இருக்கிறது. அந்த உரிமம் திரும்ப எதையும் கொடு என்று கேட்காது. அடியில் இருக்கும் கெர்னல் ஜிபிஎல் 2. அதன் நிரலை மட்டும் வெளியிட வேண்டும், சாவி தேவையில்லை. அதனால் நிறுவனம் நினைத்தால் திறக்க விடும், நினைத்தால் விடாது. சில கம்பெனிகள் டெவலப்பர் ஆப்ஷனில் 'ஓஇஎம் அன்லாக்' கொடுக்கின்றன. சில கம்பெனிகள் கணக்கு தொடங்கி நாள் கணக்கில் காத்திரு என்கின்றன. சில கம்பெனிகள் வழியே வைக்கவில்லை.

தப்பா என்று கேட்டீர்கள். நம் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, காப்புரிமையை மீற வேண்டும் என்ற நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம் என்கிறது. அதில் 'நோக்கத்தோடு' என்பதுதான் முக்கியம். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் தாண்டுவதை அந்தப் பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் வருகிற 52-வது பிரிவில், முறையாக வாங்கிய நிரலைத் தன் சொந்த, வணிகமல்லாத உபயோகத்துக்கு மாற்றிக்கொள்வதும், மற்ற நிரல்களோடு இணைந்து வேலை செய்யத் தேவையான தகவலை எடுப்பதும் மீறல் ஆகாது என்று இருக்கிறது. தன் போனில் லினியேஜ் ஓஎஸ் என்ற, ஆண்ட்ராய்டிலிருந்து பிறந்த சிஸ்டத்தைப் போட்டுக்கொள்கிற மனிதர் திருடர் இல்லை. கஸ்டமரிடம் டேட்டா எல்லாம் அழியும், வாரண்டிக்குச் சிக்கல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது, அது முற்றிலும் வேறு. போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தரச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2017-ல் அதற்கென்றே தனி விதி வந்தது, 3 ஆண்டு வரை சிறை உண்டு. பூட்லோடர் திறப்பதையும் இதையும் ஒன்றாகப் பேசுகிறவர்களால்தான் நேர்மையாக சர்வீஸ் செய்கிறவர்களுக்கும் கெட்ட பெயர்.

பேங்க் ஆப் விஷயம் எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருவது. பூட்லோடர் நிலையை கூகுளின் பிளே இன்டக்ரிட்டி என்ற சேவை மூலம் ஆப் விசாரிக்கிறது. திறந்திருக்கிறது என்று பதில் வந்தால் மூடிக்கொள்கிறது. போனும் உங்களுடையது, நிரலின் உரிமமும் உங்கள் பக்கம், இருந்தாலும் யாரோ ஒருவருடைய சர்வர் உங்களை நம்ப மறுக்கிறது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். அப்படியானால் பல வருடமாக செக்யூரிட்டி அப்டேட் வராத போன், பூட்லோடர் பூட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதே ஆப்பை ஓட்டுகிறதே? இந்த மாதம் அப்டேட் ஆன லினியேஜ் போன் அதைவிட ஆபத்தானதா? கூகுளின் பிக்சல் போன்களில் வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, நம் சாவியைப் போட்டு, திரும்பப் பூட்ட முடியும். கிராஃபீன் ஓஎஸ் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆக, பாதுகாப்பையும் உரிமையையும் சேர்த்துத் தருவது முடியாத காரியம் இல்லை.

பேட்டரி நன்றாக இருந்தும், டிஸ்ப்ளே நன்றாக இருந்தும், அப்டேட் நின்ற ஒரே காரணத்தால் எடைக்குப் போகிற போன்களை நீங்களும் நானும் தினமும் பார்க்கிறோம். சாவி கிடைத்திருந்தால் அதில் பாதி ஏதோ ஒரு பிள்ளையின் படிப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும். கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இது தத்துவப் பிரச்சினை இல்லை, மூச்சுப் பிரச்சினை.

கேள்வி: எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறோம். டிசைன் போடும் சாஃப்ட்வேர், யுஎஸ்பி டாங்கிள் (சாவி மாதிரி செருகும் சின்னக் கருவி) இருந்தால்தான் திறக்கும். டாங்கிள் பழுதாகிவிட்டது. விற்ற டீலர் கடையை மூடிவிட்டார். பில் இருக்கிறது, 'லைஃப்டைம் லைசென்ஸ்' என்று எழுதியும் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பில்லின் நகலோடு மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கே நேரடியாக எழுதுங்கள் அம்மா. பழுதான டாங்கிளைத் திருப்பி அனுப்பினால் மாற்றித் தருவது பல நிறுவனங்களில் வழக்கம். அதை எங்கேயும் தூக்கிப் போடாதீர்கள். பர்மா பஜார் பக்கம் யாராவது 'கிராக் போட்டுத் தருகிறேன்' என்றால் வேண்டாம். உள்ளே என்ன வைத்து அனுப்புவார்கள் என்று தெரியாது, சட்டமும் உங்கள் பக்கம் இருக்காது.

அதற்குள் தொழில் நிற்கக் கூடாது. உங்கள் மெஷின் டிஎஸ்டி ஃபைலைப் பென் டிரைவில் படிக்கும் என்றால், இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் இன்க்/ஸ்டிச் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிபிஎல் 3 உரிமம், டாங்கிள் கிடையாது. படத்தை வரைந்து, எந்த இடத்துக்கு சாட்டின் தையல், எந்த இடத்துக்கு நிரப்புத் தையல், எந்தக் கோணம் என்று சொன்னால் டிஎஸ்டி எழுதித் தரும். பழக்கம் வேண்டும், ஒரே நாளில் வராது. முதலில் துண்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். நூல் இழுக்கிற இழுப்பில் வட்டம் முட்டை மாதிரி ஆகும், அதற்கு ஈடு கொடுக்கிற அளவை உங்கள் துணிக்கு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். டிஎஸ்டியில் ஊசி எங்கே இறங்க வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். நூலின் நிறம்கூட இருக்காது, இங்கே நிறுத்தி மாற்று என்று மட்டும் சொல்லும். அதனால் பழைய டிசைன்களின் நிற வரிசையை நோட்டில் எழுதி வையுங்கள். டிசைனைத் திருத்த உதவும் முழு ஃபைல் அந்தப் பழைய மென்பொருளின் சொந்த வடிவத்தில் இருக்கிறது. உங்கள் உழைப்பு உண்மையில் மாட்டிக்கொண்டிருப்பது அதற்குள்தான். டாங்கிள் சரியாகி வந்ததும் முதல் வேலையாக, வெளியே எடுக்க முடிந்த எல்லா வடிவத்திலும் சேமித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் கடை. ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ் நேற்று வரை ஓடியது. இன்று பிரிண்டர் ஏற்க மறுக்கிறது. மை கம்பெனிக்கே சொந்தமா?
– வாசகர், தங்கசாலை

பதில்: பிரிண்டர் தானாக ஃபர்ம்வேர் அப்டேட் செய்திருக்கும். புதிய ஃபர்ம்வேர் கார்ட்ரிட்ஜ் மேல் இருக்கும் சிப்பை விசாரிக்கிறது. அமைப்புகளில் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது பாட்டிலில் மை ஊற்றுகிற டேங்க் வகையைப் பாருங்கள்.

மை வாங்கியவருக்கே சொந்தம். டோனர் கார்ட்ரிட்ஜ் விஷயமாக லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் நடத்திய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம், பொருளை விற்றதோடு அதன் மேல் தயாரிப்பாளருக்கு இருக்கும் பேட்டன்ட் பிடி முடிந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் தோற்றாலும் சிப்பில் ஜெயிக்கிறார்கள், அதுதான் சங்கடம்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையும் ஒரு பிரிண்டரில்தான் தொடங்குகிறது. எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஜெராக்ஸ் நிறுவனத்து லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கியதும் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி நிரலைத் திருத்த அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். மூல நிரல் தர மறுத்துவிட்டார்கள். 1983 செப்டம்பரில் அவர் க்னூ என்ற கட்டற்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத் திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் அந்தக் கோபமும் இருந்தது. உங்கள் கோபமும் அதே இனம்தான் ஐயா.

கேள்வி: மெட்ரோ வாட்டர் வரும்போது தானாக மோட்டார் போடும் கருவி ஒன்றை ஈஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் நண்பர்களோடு சேர்ந்து செய்தோம். தெருவில் சிலர் கேட்கிறார்கள், விற்கலாம் என்று இருக்கிறோம். நிரலை வெளியிட எம்ஐடி உரிமமா, ஜிபிஎல் உரிமமா? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸே ஜிபிஎல் 3 வேண்டாம் என்றாரே?
– பொறியியல் மாணவி, வியாசர்பாடி

பதில்: நடுராத்திரி தண்ணீர் வருகிற தெருக்களில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இந்தக் கருவியின் அருமை தெரியும். முதலில் வாழ்த்துகள் அம்மா.

எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் தாராளமானவை. உங்கள் பெயர் வரியை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மூடலாம், பூட்டலாம். ஆண்ட்ரூ டேனன்பாம் என்ற பேராசிரியர் மாணவர்களுக்காக எழுதிய மினிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு நடந்ததைப் பாருங்கள். இன்டெல் தன் சிப்புகளுக்குள் வைத்திருக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற மூடிய பகுதியில் மினிக்ஸ் ஓடுகிறது என்பது 2017-ல் செய்தியானது. டேனன்பாம் இன்டெலுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். உரிமப்படி அவர்கள் தன்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்ற பொருளில் எழுதியிருந்தார். கணினியின் சொந்தக்காரர் பார்க்கவோ மாற்றவோ முடியாத ஒரு மூலையில், பாடம் நடத்துவதற்காக எழுதிய நிரல் உட்கார்ந்திருக்கிறது. அவர் சட்டப்படி ஏமாற்றப்படவில்லை. ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை.

டொர்வால்ட்ஸின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நான் நிரல் தருகிறேன், நீ செய்த மாற்றத்தை எனக்குத் திருப்பித் தா, அவ்வளவுதான் கணக்கு. உன் வன்பொருளை நீ எப்படி வடிவமைக்கிறாய் என்பதில் நான் தலையிடமாட்டேன் என்பது அவர் நிலை. அதோடு, கெர்னலில் ஆயிரக்கணக்கானோரின் நிரல் இருப்பதால் இப்போது உரிமம் மாற்றுவது நடைமுறையிலும் கஷ்டம். நிரல் எழுதுகிறவர் பக்கமிருந்து பார்த்தால் அவர் கணக்கு சரி. மாற்றங்கள் அவருக்குத் திரும்ப வந்துவிடுகின்றன. ஆனால் பெட்டியை வாங்கியவருக்கு எதுவும் வரவில்லையே? சர்வீஸ் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிற நான் அந்த வாங்கியவரோடு நிற்கிறேன்.

உங்கள் கருவி வீட்டுச் சுவரில் மாட்டப்போகிற பொருள். ஜிபிஎல் 3 போடுங்கள். நாளைக்கு யாராவது உங்கள் நிரலை எடுத்துப் பெரிய அளவில் விற்றாலும், வாங்கிய வீட்டுக்காரர் அதை மாற்றி ஓட்டுகிற உரிமை அவரோடு போகும். பெரிய கம்பெனிகள் இதைக் கண்டு ஒதுங்கும் என்பதும் உண்மை. ஆப்பிள் தன் மேக்கில் பாஷ் (Bash) என்ற கட்டளை நிரலை 3.2 வெர்ஷனிலேயே நிறுத்தி வைத்தது, அடுத்த வெர்ஷன்கள் ஜிபிஎல் 3-க்குப் போய்விட்டதால்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். 2019-ல் ஆப்பிள் இசட்ஷெல் என்ற வேறு கட்டளை நிரலுக்கே மாறிவிட்டது. ஒதுங்கினால் ஒதுங்கட்டும். நிரல் முழுக்க நீங்களும் நண்பர்களும் எழுதியது என்றால், கேட்டு வருகிற கம்பெனிக்குத் தனி உரிமம் கொடுக்க உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. எல்லோர் சம்மதத்தையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஈஎஸ்பி32-லும் செக்யூர் பூட் இருக்கிறது. அதற்காகச் சிப்பில் இருக்கும் ஈஃப்யூஸ் என்ற பகுதியை ஒருமுறை எரித்தால் எரித்ததுதான், திரும்ப மாற்ற முடியாது. 'பாதுகாப்புக்குப் போடு' என்று யாராவது யோசனை சொல்வார்கள். போடுவதாக இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி உருவாக்கி, அதை வாங்கியவர் கையில் கொடுங்கள். இல்லையென்றால் போடாமலே விடுங்கள்.

கேள்வி: இன்று ஓப்பன் சோர்ஸாக இருப்பதை நாளை கம்பெனி மூடிவிட முடியுமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அடுத்த வெர்ஷனை மூடலாம், ஏற்கெனவே கொடுத்ததைப் பிடுங்க முடியாது. சர்வர்களை அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் 2023-ல் உரிமம் மாறியபோது பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு பிறந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் உரிமம் மாறியதும் வால்கீ வந்தது. உரிமம் மாறினால் கிளை பிரித்துக்கொண்டு போகலாம். சாவி கையில் இல்லாத வன்பொருளில் அந்த வழி கிடையாது. எனக்குப் பூட்டின் மேல் கோபம் அதிகம், உரிம மாற்றத்தின் மேல் குறைவு என்றால் காரணம் இதுதான்.

கேள்வி: ரவுட்டர், டிவி கம்பெனிகளிடம் மூல நிரல் கேட்க எனக்கு உரிமை உண்டா? எப்படிக் கேட்பது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உண்டு. ஜிபிஎல் 2-ன்படி, நிரலைக் கூடவே தராத நிறுவனம், கேட்பவர் யாராக இருந்தாலும் தருவதாக எழுத்துமூலமான உறுதி தர வேண்டும். அது குறைந்தது 3 ஆண்டு செல்லும். அனுப்புகிற செலவுக்கு மேல் பணம் கேட்கக் கூடாது. இது சும்மா பேச்சு இல்லை. ஹெரால்ட் வெல்டே என்ற ஜெர்மானிய நிரலாளர் 2004-லேயே மியூனிக் நீதிமன்றத்தில் ஜிபிஎல் செல்லும் என்று உத்தரவு வாங்கியவர். அமெரிக்காவில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு 2021-ல் விஸியோ டிவி நிறுவனத்தின் மேல், நிரலை எழுதியவராக இல்லாமல் டிவியை வாங்கியவர் என்ற நிலையில் நின்று வழக்குப் போட்டது.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். 'உங்கள் இன்ன மாடல், இன்ன சீரியல் எண் கொண்ட கருவியை இன்ன தேதியில் வாங்கினேன். இதில் லினக்ஸ் கெர்னல், பிஸிபாக்ஸ் உள்ளிட்ட ஜிபிஎல் மென்பொருள்கள் உள்ளன. இந்தக் கருவியில் இப்போது இருக்கும் ஃபர்ம்வேர் வெர்ஷனுக்கு உரிய முழு மூல நிரலையும், அதைத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்ட்களையும் அனுப்பவும்.' இதே வாசகத்தை ஆங்கிலத்திலும் எழுதுங்கள், கம்பெனியின் சட்டப் பிரிவு அதைத்தான் படிக்கும். 'நிறுவவும்' என்பதை விட்டுவிடாதீர்கள். தொகுப்பதற்கும் நிறுவுவதற்குமான ஸ்கிரிப்ட்கள் மூல நிரலில் சேர்ந்தவை என்று ஜிபிஎல் 2-ன் 3-வது பிரிவே சொல்கிறது. நிரல் கொடுத்தும் பூட்டி வைக்கிறவர்களிடம் வாதாட இருக்கிற பிடி அது.

எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தேட வேண்டாம். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவைத் தொடர்பு எல்லாம் அட்டைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் எடையளவுச் சட்டத்தின் விதி. பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலோடு நிறுத்தாமல் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, அதன் ரசீதைப் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.